பையைப் பின்தொடர்ந்த சி.ஐ.டி.

புனேயில் காய்கறிப் பையோடு நடந்த ஒருவர்கூட சி.ஐ.டி.யின் கண்ணிலிருந்து தப்பியதில்லை. பையின் வாயிலிருந்து ஒரு கொத்தமல்லிக் கட்டு எட்டிப் பார்த்தால் போதும், மனிதர் ஸ்கூட்டரை மெதுவாக்கிவிடுவார்.

நானும் அவரும் ஔந்திலிருந்து ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அடையாள அட்டையில்தான் பார்க்கலாம்; பஸ்ஸில் எல்லோருக்கும் அவர் சி.ஐ.டி.தான். ராணுவ வேலையாகப் புனேயின் கட்கிக்கு வந்த அப்பாவுக்கு இங்கேயே பிறந்தவர். தமிழ் பேசும்போது நடுநடுவே ஹிந்தியைத் தாளிப்பார்.

“அரே சார், ஓட்டல் போர்டைப் பாத்து உள்ள போகாதீங்க. பாஜி, அதான் காய்கறி, வாங்குற ஆளு யாரு, எப்படிப் பொறுக்குறான்னு பாருங்க. அவன் பின்னாடியே போனா நல்ல சாப்பாடு பக்கா” என்பார்.

சொன்னபடியே செய்தும் வந்தார். ஒருமுறை மண்டியில் ஒருவர் மூட்டை மூட்டையாக நல்ல கத்தரிக்காய் வாங்குவதைப் பார்த்து, அந்த டெம்போவைப் பத்து கிலோமீட்டர் விரட்டிப் போனார். பந்தி நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து மூன்று முறை கத்தரிக்காய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பில் கேட்டிருக்கிறார். அது நிச்சயதார்த்த வீடு. பெண் வீட்டார் இவரைப் பிள்ளை வீடு என்றும், பிள்ளை வீட்டார் பெண் வீடு என்றும் நினைத்து, இரண்டு தரப்பும் தனித்தனியாக, இந்த ஊர் மரியாதைப்படி தொப்பியும் துண்டும் தேங்காயும் கொடுத்து அனுப்பினார்கள். “சர்வீஸ் எக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்று மறுநாள் பஸ்ஸில் எங்களிடம் சிபாரிசு வேறு.

கோயம்புத்தூரிலிருந்து நானும் மனைவியும் புதிதாக வந்தபோது, இங்கத்திய கோடா மசாலாவைச் சாம்பார்ப் பொடி என்று நம்பி ஒரு பானை சாம்பாரைப் பாழாக்கினோம். சி.ஐ.டி. வந்து முகர்ந்து பார்த்துத் துக்கம் விசாரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்களை ஸ்கூட்டருக்குப் பின்னால் ஆட்டோவில் வரச்சொல்லி, கொங்கணத்துப் புழுங்கலரிசி விற்கும் கடையைக் காட்டினார். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. புனே கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நான்கு மணிவரை வாசலில் காத்திருந்தோம். ஆனால் அந்த அரிசியில்தான் எங்கள் வீட்டு இட்லி முதல்முறையாக இட்லி மாதிரி வந்தது.

அடுத்த வருஷம் மனைவி கர்ப்பமானாள். நான்காவது மாதமாகியும் எதைத் தின்றாலும் வாந்தி. எடை இறங்கிக்கொண்டே போனது. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்றார் டாக்டர். மாமியார் சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டார். பிரசவம் முடியும்வரை அவள் கோவையில், நான் இங்கே. எனக்கு வேலையே ஓடவில்லை. பஸ்ஸில் சி.ஐ.டி.யிடம் புலம்பினேன்.

மாலையே வீட்டுக்கு வந்து, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். “தங்கச்சி, எதை நெனச்சா வாயில தண்ணி ஊறுது? சோச்கே, நல்லா யோசிச்சு சொல்லுங்க.”

“ஒண்ணுமில்லீங்ணா. போன வாரம் ஆட்டோவுல வாரப்ப ஏரவாடா பக்கம் ஒரு வாசம் வந்துச்சுங்க. பூண்டும் பச்ச மொளகாயும் இரும்புச் சட்டில சுட்டாப்புல. அது மட்டும் பிடிச்சுதுங்க.”

“எத்தனை மணி? சிக்னலுக்கு முன்னாடியா, பின்னாடியா? காத்து எந்தப் பக்கம்?”

காற்றின் திசையை அவளால் சொல்ல முடியவில்லை. அதை ஒரு குறையாகவே குறித்துக்கொண்டார்.

மூன்று நாள் லீவு போட்டு, ஏரவாடாச் சந்துகளில் நின்றார். மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ஓர் அம்மாள் பூண்டை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வாங்குவதைக் கண்டு பின்னாலேயே போயிருக்கிறார். நாலு சந்து பொறுத்த அந்த அம்மாள், ஐந்தாவது சந்தில் திரும்பி நின்று, ஏன் பின்னால் வருகிறாய் என்று மராத்தியில் கத்த, கூட்டம் கூடிவிட்டது. சட்டையைப் பிடித்தார்கள். ஒரு பட்டனும் போனது. சி.ஐ.டி. கையைக் கூப்பி உள்ளதைச் சொல்லிவிட்டார்: சிநேகிதன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி, நாலு மாதமாகச் சோறு தங்கவில்லை, உங்கள் கையால் சுட்ட பூண்டு வேண்டும்.

அந்த அம்மாள் கூலி வேலைக்காரர்களுக்கு வீட்டிலேயே சமைத்துப் போடுகிறவர். “பார்சல் கிடையாது. பாக்ரி ரொட்டி சூடா தின்னணும். அவளைக் கூட்டிட்டு வா” என்று மராத்தியிலேயே உத்தரவு போட்டார்.

அன்று மதியமே போனோம். சோள பாக்ரி, கடலை மாவைக் கிண்டிய பிட்லா, ஓரத்தில் அதே வாசத்தோடு பூண்டுச் சட்னி. முதல் வாய் வைத்துவிட்டு மனைவி நிறுத்தினாள். பிறகு இரண்டாவது வாய். இரண்டு பாக்ரி தின்று, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை.

“அம்மாகிட்ட டிக்கெட்டை வேண்டாம்னு சொல்லிருங்க” என்றாள்.

சி.ஐ.டி. முன்னால் வைத்த தட்டை அப்போதும் தொடவில்லை. சுடச்சுட வந்தது ஆறிப்போயிருந்தது.

“நீங்க சாப்பிடலையா?” என்று கேட்டேன்.

“இருங்க சார்” என்றார், அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “தங்கச்சி இன்னொரு பாக்ரி கேட்டாலும் கேக்கும்.”