ஒன்பதாவது பித்தளைக் கால்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் நலம், என் வலது முழங்கால் மட்டும் சுமார். அங்கே நீங்களும் வீட்டில் அம்மாவும் உங்கள் தையல் மிஷினும் அதை மிதிக்கும் கால்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை மத்தியானம் போனில் உங்களிடம், "உங்க பொண்ணுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, ரெடிமேடா ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தா இந்தத் தொல்லை உண்டா?" என்று சொன்னேன் அல்லவா, அந்த வார்த்தைகள் அத்தனையையும் இந்தக் கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முதலாவது, நாற்பது வருஷமாகத் துணி தைப்பவரிடம் போய் ரெடிமேட் என்ற சொல்லை எடுத்திருக்கவே கூடாது. இரண்டாவது, தப்பு முழுக்க முழுக்க வேறு இடத்தில் இருந்தது. எந்த இடம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், எடுத்த எடுப்பில் சொல்லத் தைரியம் வரவில்லை. இதை உங்கள் மகள் பூட்டிய கம்ப்யூட்டரிலேயே தட்டிக்கொண்டிருக்கிறேன், ஒற்றை விரலால். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொன்னால்தான் அந்த விரலுக்கு வழி தெரிகிறது. பஸ் பணிமனையில் முப்பத்தொரு வருஷம் என்ஜின் சத்தத்துக்கு நடுவே நின்றதில் காது கொஞ்சம் மந்தம் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் மெதுவாகத்தான் முணுமுணுக்கிறேன்.

விஷயம் இதுதான். வீட்டுப் படம் வரைந்து கொடுக்கிற ஒரு அலுவலகம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரு மாதிரிப் படம் போட்டு அனுப்பினால் வீட்டிலிருந்தபடியே செய்ய வேலை தருவதாக மருமகளிடம் சொல்லியிருந்தது. குழந்தை பிறந்து ஐந்து வருஷமாக விட்டுப்போன தொழில், இனிமேல் யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது வந்த அழைப்பு. எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப் அந்தப் படத்தைத் திறக்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு அப்படியே மூர்ச்சையாகிவிடும். அதனால் அவளே பாகம் பாகமாக வரவழைத்து, வியாழக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து அதன்மேல் பரப்பிவிட்டாள். உங்கள் சம்பந்தியம்மா என்னிடம் தனியாக, "கையை வெச்சுக்கிட்டு சும்மா உட்காருங்க" என்றாள். நானும் உட்கார்ந்தேன் சம்பந்தி, ஒரு இருபது நிமிஷம்.

கேபினட் என்கிற அந்த இரும்புப் பெட்டிக்குள்ளே முதலில் சின்னச் சின்னப் பித்தளைக் கால்களைத் திருகி, அவற்றின்மேல்தான் மதர்போர்டை உட்கார வைக்க வேண்டுமாம். எட்டுக் கால்களை அவள் திருகி முடித்த நேரம், அலுவலகத்திலிருந்து என் மகன் போன் பண்ணினான், அவள் பேசுவதற்கு உள்ளே போனாள். நான் எட்டிப் பார்த்தேன். பெட்டியில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது, பொட்டலத்தில் ஒரு கால் மிஞ்சியிருந்தது. உங்கள் தொழிலில் துண்டுத் துணி மிஞ்சினால் பாக்கெட் வைக்க ஆகும், எங்கள் தொழிலில் என்ஜினைப் பூட்டிய பிறகு ஒரு போல்ட் மிஞ்சினால் அன்றைக்கு யாருக்கும் தூக்கம் கிடையாது. இந்த வேலைக்குப் புதுசு, அவசரத்தில் விட்டுவிட்டாள் பாவம் என்று என் கட்டிங் பிளேயரை எடுத்து அந்த ஒன்பதாவது காலையும் நச்சென்று முறுக்கி வைத்தேன். நல்லது செய்தால் சொல்லிக்காட்டக் கூடாது என்று யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவள் வந்தாள், அதன்மேல் போர்டை வைத்தாள், மற்றதை எல்லாம் பூட்டினாள், சுவிட்சை அமுக்கினாள்.

விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினாள், மறுபடி அரைச் சுற்று. அவள் முகத்தைப் பார்த்தேன், அழப் போகிறாள் என்று நினைத்தேன், அவளோ ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தேதி போட்டு, "ஒன்று: விசிறி அரைச் சுற்று" என்று எழுதினாள். அந்த இடத்தில்தான் சம்பந்தி நான் அசந்துபோனேன். பிளக் பாயின்டில் டேபிள் லாம்ப்பைச் சொருகி எரிகிறதா பார்த்தாள், எழுதினாள். பின்பக்க சுவிட்சைப் பார்த்தாள், எழுதினாள். ரேமைக் கழற்றி, கிளிக் சத்தம் வரும்வரை அழுத்திச் சொருகினாள், எழுதினாள். நான் பொறுக்க மாட்டாமல், "எல்லாத்தையும் ஒரேயடியா கழட்டி மாட்டிடலாமேம்மா" என்றதற்கு, "ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும் மாமா. நாலை மாத்தி சரியாயிட்டா, எதுனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிடும்" என்றாள். முப்பத்தொரு வருஷமும் நாலு நாலாக மாற்றியவன் நான்! எதனால் பஸ் ஓடியது என்று கடைசிவரை தெரியாமலே ரிட்டயர் ஆகியிருக்கிறேன்.

மகனுக்குப் போன் போட்டேன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கப்பா" என்றான். ஸ்டார்ட்டே ஆகாததை எங்கே ரீஸ்டார்ட் பண்ணுவது? அப்புறம் என் பங்குக்கு, பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் கை வைத்தால் எதிலிருந்தாவது புகை வராமல் இருக்காது என்பதால் தெருவில் அவருக்குப் புகை என்றே பெயர், ஆனாலும் நல்ல மனுஷன். வந்தவர் உட்காரக்கூட இல்லை, தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "மதர்போர்டு அவுட்" என்றார். மருமகள், "எப்படி அண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். "அனுபவம்" என்றார். "அனுபவத்துல எந்த எடம் அவுட்டுன்னு சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்" என்று நோட்டைத் திறந்தாள். மனுஷன் காபியைக் குடித்த கையோடு கம்பி நீட்டிவிட்டார். அந்தக் கடுப்பில்தான் உங்களுக்குப் போன் பண்ணி, பிடிவாதம், ரெடிமேட் என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நோட்டில் பதினோராவது வரி ஓடிக்கொண்டிருந்தது. அவள் போர்டையே முழுசாக வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தாள். ஒரே ஒரு ரேம், விசிறி, பவர் சப்ளை, அவ்வளவுதான். சுவிட்ச் பெட்டியோடு நின்றுவிட்டதால், அதற்குப் பதிலாக ஸ்க்ரூடிரைவர் நுனியால் போர்டில் இரண்டு கம்பியைச் சேர்த்துத் தொட்டாள். விசிறி சுற்றியது சம்பந்தி! நிற்காமல் சுற்றியது! உங்கள் சம்பந்தியம்மா அடுப்பை அணைக்காமலே ஓடிவந்துவிட்டாள். நான் கைதட்டினேன். மருமகள் கைதட்டவில்லை, காலிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வெளியே ஓடுது, உள்ளே ஓடல. அப்போ பெட்டிக்குள்ள ஏதோ ஒண்ணு போர்டு முதுகுல படுது மாமா, ஷார்ட் ஆகுது. போர்டுல எட்டு ஓட்டைதான், எட்டு எடத்துலதான் எதுவும் தொடலாம்" என்றாள்.

எட்டு என்றதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பெட்டியில் ஓட்டை ஒன்பது இருக்கலாம், பல அளவுப் போர்டுக்கும் பொதுவாகப் போட்டு வைப்பார்களாம். ஓட்டை இல்லாத இடத்தில் என் ஒன்பதாவது கால் போர்டின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, அவ்வளவும் என் கைங்கரியம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "டார்ச் அடிச்சுப் பாக்கணும் மாமா. மாடியில எங்கேயோ வெச்சேன், தேடி எடுத்துட்டு வரப் பத்து நிமிஷமாவது ஆகும்" என்று சொல்லிவிட்டு, கையில் போனை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். இத்தனை ஒழுங்கான பெண் ஒரு டார்ச்சை எங்கே வைத்தோம் என்று மறக்கலாமா? அவளிடம் நான் கண்ட ஒரே குறை அதுதான், அந்த நேரத்தில் அதுவே எனக்கு உயிர் கொடுத்தது. பிளேயரை எடுத்தேன், அந்தக் காலைக் கழற்றினேன், சட்டைப் பையில் போட்டேன், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து உட்கார்ந்துகொண்டேன்.

வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே மாமா, நான்தான் போர்டைச் சரியா உட்கார வைக்கல போல" என்றாள். மறுபடி பூட்டினாள், அமுக்கினாள், ஓடிற்று. சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் படத்தை முடித்து நாலு ஐம்பதுக்கு அனுப்பினாள். திங்கட்கிழமை வேலை கிடைத்துவிட்டது. இதை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். ஆனால் போர்டைத் தப்பாக வைத்தது தன் கவனக்குறைவு என்று புருஷனிடம் சொன்னாள், அத்தையிடம் சொன்னாள், வாசலில் நின்று அந்தப் புகையிடம்கூடச் சொன்னாள். அந்த ஆள், "நான் அப்பவே நினைச்சேன்" என்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் நான் எந்த முகத்தோடு கோபப்படுவது?

சம்பந்தி, மனசு கேட்கவில்லை. அவளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் பெற்றவரிடம் சொல்கிறேன். உங்கள் மகளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. என் மகனுக்குப் பெண் பார்க்க வந்தபோது, "நல்லாத் தைப்பாளா?" என்று உங்களிடம் கேட்ட மடையன் நான். பணிமனையில் எனக்குக் கீழே இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் ஒரு பஸ்கூட வழியில் நின்றிருக்காது, எனக்கு மேலே இருந்திருந்தால் இன்னும் விசேஷம். அந்தப் பித்தளைக் காலைச் சாட்சியாகக் கடைசிவரை வைத்துக்கொள்ள நினைத்தேன், அதுவும் சட்டைப் பையில் இல்லை, நாலு நாளாகத் தேடுகிறேன். இந்த ரகசியம் நம் இருவருக்குள் இருக்கட்டும். இதை உங்களுக்கு அனுப்பும் வித்தை எனக்குத் தெரியாது, மருமகளிடம்தான் கொடுப்பேன். அவள் அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பெண் இல்லை.

அம்மாவுக்கு எங்கள் அன்பு. உங்கள் ஊசிக்கு நூலும் உங்கள் கண்ணுக்கு வெளிச்சமும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் என்றும் மரியாதையுள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு:

அப்பா, இது நான். மாமா சொன்னபடியே கடிதத்தை நான் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவர் "மெதுவாக முணுமுணுத்து" தட்டியதை நானும் அத்தையும் சமையலறையில் நின்று முழுசாகக் கேட்டோம். எதிர்வீட்டிலும் கேட்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை போர்டைத் தூக்கியதுமே பார்த்துவிட்டேன். பித்தளையில் பிளேயர் பல் பதிந்திருந்தது. இந்த வீட்டில் கையால் திருகுகிறதைப் பிளேயரால் முறுக்குகிறவர் ஒருவர்தான். டார்ச் என் போனிலேயே இருக்கிறது அப்பா. மாடியில் பத்து நிமிஷம் சும்மாதான் நின்றேன், அந்த முழங்காலோடு அவர் எழுந்து வந்து கழற்ற அவ்வளவு நேரம் வேண்டும்.

சட்டையைத் துவைக்கும்போது அந்தப் பித்தளைக் காலை அத்தை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். நாலு நாளாக மானிட்டருக்குக் கீழேதான் நிற்கிறது. மாமா அதற்கு எதிரே உட்கார்ந்துதான் இவ்வளவையும் தட்டினார், கண் கீபோர்டை விட்டு நிமிரவே இல்லை. நீங்கள் போனில் எதுவும் காட்டிக்கொள்ளாதீர்கள். அடுத்த தடவை எதைப் பூட்டினாலும் "இது மிஞ்ச வேண்டியதுதான் மாமா" என்று மிஞ்சுகிறதை முதலில் அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போன் பேசப் போவேன்.