பல்லாவரம் வரைக்கும்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு பத்து. கூடுவாஞ்சேரியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த சின்ன ஹாலுக்குள் நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டது என் முகம். அலுவலக அடையாள அட்டையில் இருந்த படத்தை நான்கடி உயரத்துக்குப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டியிருந்தார்கள். (அடையாள அட்டையில் நான் காணாமல் போனவர் மாதிரி இருப்பேன். நான்கடி உயரத்தில் தேடப்படுபவர் மாதிரி இருந்தேன்.) படத்துக்குக் கீழே இரண்டு வரிகள். முதல் வரி: 'மூத்த பத்திரிகையாளர்.' இரண்டாவது வரி: 'பத்து எபிசோடையும் முழுசாகப் பார்த்தவர்.'

முதல் வரி உண்மை.

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. அப்போது நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். நிருபர்கள் அனுப்பும் செய்தியைத் திருத்துவதும் வெட்டுவதும் என் வேலை. பிழை கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட என் கையில் கொடுக்கத் தயங்கி என் மனைவி சுகந்தியிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

எனக்கும் என் மகள் யாழினிக்கும் பொதுவாக ஒரு ஆள் உண்டு. கலங்கரை வீரன். படக்கதை நாயகன். கலங்கரை விளக்கத்தைக் காவல் காப்பவர் எடுத்து வளர்த்த பிள்ளை. நெஞ்சிலிருந்து வெள்ளை ஒளி வரும். யாரையும் கொல்ல மாட்டான் என்பதுதான் அவனுடைய விசேஷம். கட்டடம் இடிந்து விழுந்தால்கூட வில்லனை ஓரமாக உட்கார வைத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடருவான். யாழினிக்கு எட்டு வயதிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் அவனுடைய கதைகளைத்தான் படித்தோம். அவள் காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் சேர்ந்த பிறகு எங்கள் பேச்சு சுருங்கிவிட்டது. 'சாப்பிட்டியா', 'ரீசார்ஜ் பண்ணணுமா', கலங்கரை வீரன். இந்த மூன்றுதான் மிச்சம்.

அந்த மூன்றாவதிலும் சண்டை வந்தது. அந்த வருஷம் அவனை வைத்து ஒரு அனிமேஷன் தொடர் வந்தது. வேறோர் உலகத்தில் அவன் வேறு மாதிரி வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்பது கதை. அந்த உலகத்தில் கலங்கரை விளக்கமே கிடையாது. அவனை ஒரு கொடுங்கோல் ராணி எடுத்து வளர்க்கிறாள். நெஞ்சில் வரும் ஒளி வெள்ளை இல்லை, சிவப்பு. ராணி கை காட்டும் ஆள்மேல் அதைப் பாய்ச்சுவான். ஆள் நின்ற இடத்தில் கொஞ்சம் புகை மட்டும் இருக்கும்.

யாழினிக்கு அந்தத் தொடர் உயிர். எனக்கு மாற்று உலகம் என்ற ஏற்பாட்டிலேயே நம்பிக்கை இல்லை. ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதிய நிருபர், 'வேறோர் உலகத்தில் அது சரி சார்' என்று சொன்னால் நான் விட்டுவிடுவேனா?

"முழுசா பார்த்துட்டுப் பேசுப்பா" என்றாள்.

"பார்க்கிறேன்."

பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுவேன். வண்டி அங்கிருந்தே புறப்படுவதால் ஜன்னலோர இருக்கை கிடைக்கும். போனைத் திறந்து ஒரு எபிசோடு ஆரம்பிப்பேன். சானடோரியம், குரோம்பேட்டை வரை நிம்மதி. பல்லாவரத்தில் கூட்டம் ஏறும். யாருடைய டிபன் பையாவது மடியில் உட்காரும். போன் சட்டைப் பைக்குள் போய்விடும். அதற்குள் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடியிருக்கும். எபிசோடின் மொத்த நீளம் இருபத்தைந்து நிமிடம்.

அடுத்த நாள் மிச்சத்தைப் பார்த்திருக்கலாம். நான் அடுத்த எபிசோடை ஆரம்பித்தேன். காரணம் சோம்பல் இல்லை, தொழில். செய்தியில் முக்கியமானது முதல் பத்தியில் இருக்கும். போகப் போக முக்கியம் குறையும். பக்கத்தில் இடம் இல்லையென்றால் கீழிருந்து வெட்டுவோம். எந்த வாசகரும் தொலைபேசியில் கூப்பிட்டு 'கடைசிப் பத்தி எங்கே சார்' என்று கேட்டதில்லை. இருபத்திரண்டு வருஷம் கீழிருந்து வெட்டியவனுக்கு, எதுவானாலும் கடைசியில் ஒன்றும் இருக்காது என்பது ரத்தத்தில் ஊறிவிடும். பத்து வேலை நாளில் பத்து எபிசோடையும் 'பார்த்து' முடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பட்டிமன்றம் வந்தது. யாழினி ஒரு படக்கதை வட்டத்தில் உறுப்பினர். தாம்பரத்திலிருந்து மறைமலைநகர் வரை நாற்பது பேர். நாற்பது தமிழர்கள் சேர்ந்து ஒன்றை விரும்பினால், அதற்கு ஒரு பட்டிமன்றம் வைக்காமல் தூக்கம் வராது. தலைப்பு: 'மாற்று உலக வீரன் நம் வீரனே, நம் வீரன் அல்ல.' நாற்பது பேருமே 'வீரனே' கட்சி. 'அல்ல' அணிக்கு ஆள் இல்லை.

யாழினி என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். வட்டத்தில் யோசித்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு. முழுசாகப் பார்க்காதவர் மேடை ஏறக் கூடாது. ஏறினால், அவரை அழைத்து வந்தவர் ஆறு மாதத்துக்கு மைக்கைத் தொடக் கூடாது. அன்றைக்கு யாழினிதான் தொகுப்பாளர். முதல் தடவை. ஒரு வாரமாகச் சீப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அப்பா பார்க்காம பேச மாட்டார்னு சொல்லியிருக்கேன். பத்தும் பார்த்துட்டேல்ல?"

"பத்தும் பார்த்தாச்சு" என்றேன். எனக்கு அது பொய் என்றே தோன்றவில்லை என்பதுதான் இதில் கேவலம்.

நடுவர் மேரி மேடம், யாழினியின் கல்லூரியில் கணக்குச் சொல்லித் தருகிறவர். நாற்காலிக்கு மேல் ஒரு ஜரிகைத் துண்டைப் போர்த்தி அவரை உட்கார வைத்திருந்தார்கள். யாழினி மைக்கில் என்னை அறிமுகம் செய்தாள். குரல் நடுங்கவில்லை. "இவர் எங்க அப்பா. சின்ன வயசுல எனக்கு இந்த வீரனைக் காட்டினவர் இவர்தான்" என்று எழுதி வைக்காத ஒரு வரியையும் சேர்த்தாள்.

நான் குற்றச் செய்திப் பிரிவில் சில வருஷம் இருந்தவன். அந்தப் பாணியிலேயே உரையைத் தயார் செய்திருந்தேன். நம் வீரன் கொல்லாதவன். இவனோ ஒவ்வொரு எபிசோடிலும் ஒருவரைக் கொல்கிறான். ஆகவே இவன் அவன் அல்ல. பத்துக் கொலைகளையும் வரிசையாகப் படித்தேன்.

"முதலாமவர், ரொட்டிக் கடைக்காரர். வயது சுமார் ஐம்பது. சம்பவ இடம் சந்தைத் தெரு. நேரம் எட்டாவது நிமிடம். இரண்டாமவர், பள்ளி ஆசிரியை. கண்ணாடி அணிந்தவர். நேரம் ஒன்பதாவது நிமிடம்."

மூன்றாமவர் வரும்போது ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பேர் குனிந்து தரையைப் பார்த்தார்கள். மேடை ஓரத்தில் யாழினி தலையை அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன். (அது ஓரளவு சரி.) என் பேச்சுக்கு இவ்வளவு சக்தியா என்று எனக்கே ஆச்சரியம். அந்த உற்சாகத்தில், எழுதி வைக்காத ஒன்றைச் செய்தேன்.

"இறந்த அந்தப் பத்துப் பேருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்."

எழுந்து நின்றார்கள். மேரி மேடம் உட்பட நாற்பது பேரும். தலை குனிந்து, தோள் குலுங்க, முழு ஒரு நிமிடம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சரியாக முடித்து, நன்றி சொல்லி உட்கார்ந்தேன்.

அடுத்து 'வீரனே' அணியில் நான்சி எழுந்தாள். அனகாபுத்தூர்ப் பெண், நர்சிங் படிக்கிறாள். கையில் குறிப்பு எதுவும் இல்லை.

"வணக்கம் சார். ரொம்ப ஃபீல் பண்ணிட்டேன் சார். ஒரே ஒரு டவுட்டு. அந்த ரொட்டிக் கடைக்காரரு இன்னா ஆனாருன்னு சொன்னீங்கோ?"

"இறந்துவிட்டார்."

"அப்படியா சார். கடைசி எபிசோடுல அவருதான் எல்லாருக்கும் ரொட்டி சுட்டுக் குடுத்துகினு கீறாரு."

ஹால் அவளுக்காகக் காத்திருந்தது.

"அந்த டீச்சரம்மா பக்கத்துல குந்திகினு கீறாங்க. கண்ணாடி கூட அதே கண்ணாடிதான். பத்து பேரும் ஒரே பெஞ்சில கீறாங்க சார். செவப்பு லைட்டு ஆளைக் கொல்லாது. ராணி கண்ணுல படாம ஒளிச்சு வைக்கும். ஒவ்வொரு எபிசோடு கடைசியிலயும் ரெண்டு நிமிசம் அதத்தான் சார் காட்றாங்க. கதையே அதான்."

நான்சி குரலை இறக்கி, மருத்துவமனையில் நோயாளியிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ சார். நீங்க எது வரைக்கும் பாத்தீங்கோ?"

நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். போன் பழுது என்று சொல்லியிருக்கலாம். யாழினி மின்விசிறியை விட்டு என்னைப் பார்த்தாள். வாயில் உண்மை வந்துவிட்டது.

"பல்லாவரம் வரைக்கும்" என்றேன்.

ஒரு விநாடி யாருக்கும் புரியவில்லை. ரயில், டிபன் பை, சட்டைப் பை எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்காமல் இருந்திருக்கலாம். ஒரு நிமிடமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் அப்போது வெளியே வந்தது. மேரி மேடத்தின் ஜரிகைத் துண்டு கீழே விழுந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், அடுத்த ஸ்டேஷன் திரிசூலம். அங்க எறங்கி மீதியைப் பாத்திருந்தா பத்து பேரையும் உசுரோட பாத்திருக்கலாம்."

சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நிலைமையைச் சமாளித்தேன். எழுந்து நின்று, பத்திரிகையில் நான் அன்றாடம் எழுதும் நடையிலேயே சொன்னேன்.

"திருத்தம். எனது உரையில் பத்துப் பேர் இறந்ததாகக் குறிப்பிட்டிருந்தேன். அந்தப் பத்துப் பேரும் நலமாக இருக்கிறார்கள். தவறுக்கு வருந்துகிறேன்."

கைதட்டினார்கள். உரைக்குக் கிடைக்காத கைதட்டல். ஆனால் விதி விதிதான். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே யாழினி மைக்கைத் துப்பட்டா நுனியால் ஒரு முறை துடைத்து நான்சியிடம் நீட்டினாள். "மீதியை நீ சொல்லிடுடி" என்றாள். அதுவரை எனக்கு என் மானம் போனது மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தது.

திரும்பி வரும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஃப்ளெக்ஸைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். ஊரப்பாக்கம் போயிற்று. வண்டலூரும் போயிற்று.

"சாரிம்மா" என்றேன் பெருங்களத்தூரில்.

"மௌன அஞ்சலி யாரு கேட்டாப்பா உன்னை?" என்றாள். அவளால் அதற்கு மேல் கோபமாக இருக்க முடியவில்லை. தாம்பரம் வரும் வரை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் விசாரித்தார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் மத்தியானம் என்னை டிவி முன்னால் உட்கார வைத்தாள். பத்து எபிசோடு, முதலிலிருந்து கடைசி வரை, போன் பக்கத்து அறையில். தொடரைப் பற்றிய என் கருத்தில் பெரிய மாற்றம் இல்லை. நான்காவது எபிசோடில் ராணியின் நிழல் வெளிச்சம் வரும் பக்கமே விழுகிறது. கடல் அலை ஜெல்லி மாதிரி ஆடுகிறது. தளபதி ஒருவனுக்குக் காட்சிக்குக் காட்சி மீசை இடம் மாறுகிறது. எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துக் கொடுத்தேன். பத்தாவது எபிசோடின் கடைசி இரண்டு நிமிடத்தில் அந்த பெஞ்சு வந்தது. பத்துப் பேரும் ரொட்டியைப் பிய்த்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீரன் கதவுக்கு வெளியே, அவர்கள் கண்ணில் படாமல் நின்றான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அவன்தானேப்பா?" என்றாள் யாழினி.

"அவன்தான்" என்றேன்.

ஆறு மாதம் கழித்து மைக் அவளிடம் திரும்பி வந்தது. இப்போது வட்டத்தை நடத்துவதே அவளும் நான்சியும்தான். என்னைப் பேசக் கூப்பிடுவதில்லை, பார்வையாளராகப் போகிறேன். நான்சி என்னைப் பார்த்தால் இரண்டு விநாடி தலை குனிந்து மௌனமாக நிற்பாள்.

வீட்டில் அந்தச் சொல் தங்கிவிட்டது. பருப்பு வேகாவிட்டால், "பல்லாவரம் வரைக்கும்தான் வெந்திருக்கு" என்பாள் சுகந்தி. நான் ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி உறுதியாகப் பேச ஆரம்பித்தால், "எது வரைக்கும்?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். போன வருஷம் யாழினியை அவள் காதலிக்கும் பையனின் வீட்டிலிருந்து பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா என்னிடம் முதலில் கேட்டது, "அந்த மௌன அஞ்சலி நீங்கதானே சார்?"

அந்த ஃப்ளெக்ஸ் இப்போது எங்கள் மொட்டை மாடியில் வாஷிங் மெஷினுக்கு மழை மூடியாக இருக்கிறது. வெயிலில் என் முகம் முழுக்க வெளுத்துப் போய்விட்டது. 'மூத்த பத்திரிகையாளர்' என்ற வரியும் போய்விட்டது. இரண்டாவது வரி இன்னும் அழியவில்லை.