கோலாலம்பூருக்குப் போன இறுதிப்போட்டியும், செங்கல்பட்டில் நான் செத்த கதையும்

நான் ஒருமுறை செத்துப்போயிருக்கிறேன். அந்தத் தகவல் செங்கல்பட்டில் பரவி, திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரம் கடற்கரையில் இருந்த என்னை வந்தடைய நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஊரிலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகன் வேலை. அது சோற்றுக்கு. மற்றபடி நான் ஒரு மொபைல் விளையாட்டின் வெறிபிடித்த ரசிகன். நான்கு நான்கு பேராக ஒரு தீவில் குதித்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள வேண்டும். கடைசிவரை உயிரோடு இருக்கும் அணி ஜெயிக்கும். இதைத் தொழிலாகவே ஆடும் அணிகள் உண்டு, அவற்றுக்கு லீக் உண்டு, கோப்பை உண்டு. நான் ஆடினால் இரண்டாவது நிமிடத்தில் சுடப்பட்டுவிடுவேன். (பரம்பரைக்கே கை நடுக்கம்.) ஆகவே ஆடுவதை விட்டுவிட்டு ரசிகர்களுக்குத் தலைவன் ஆனேன். ‘செங்கல்பட்டு மாவட்ட ரசிகர்கள்’ என்ற வாட்ஸ்அப் குழுவுக்கு நிறுவனர், தலைவர், கொள்கை பரப்புச் செயலாளர் எல்லாம் நானே.

அந்த வருடம் லீக் இறுதிப்போட்டி சென்னையில் நடக்கும் என்று அறிவித்தார்கள். எங்கள் அணியும் இறுதிக்கு வந்துவிட்டது. நான் லீவு எழுதிக் கொடுத்தேன். அணியின் பெயர் போட்ட சட்டை தைத்தேன். ஜெயித்தால் கேமரா என் பக்கம் திரும்பும் அல்லவா, அப்போது எப்படி அழ வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல், “பெரிய ஸ்கிரீன்ல என் மூஞ்சி வரும், பாருங்க” என்று சொல்லி வைத்தேன்.

பத்து நாள் இருக்கும்போது இன்னொரு அறிவிப்பு வந்தது. ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ இறுதிப்போட்டி கோலாலம்பூருக்கு மாற்றப்படுகிறது.

குழு கொதித்தது. ஒருவன் அழுகிற முகத்தை நாற்பது தடவை போட்டான். ஒருவன் பாஸ்போர்ட் எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டான். “கோலாலம்பூர் கோவளம் தாண்டியா?” என்று கேட்டவனை நான் குழுவிலிருந்து நீக்கினேன். மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் குப்பத்துக்காரனான என் நண்பன் லோகு மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னான்.

“மச்சான், எங்க மாமா போட்டு சும்மாதான் கீது. நேரா கெழக்கால வுட்டா மலேசியாதான?”

அதுவும் சரிப்படாது என்று தெரிந்தபின் போராட்டம் என்று முடிவானது. திட்டம் இதுதான்: இறுதிப்போட்டி நாளன்று காலை ஆறு முதல் மாலை ஆறு வரை எல்லா ரசிகர்களும் செல்போனை அணைத்துவிட வேண்டும். பார்வையாளர்கள் இல்லாமல் லீக்காரர்கள் கதறுவார்கள். அதே நேரத்தில் நாங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் வாயில் கறுப்புத் துணி கட்டி, பிணம்போல் படுப்போம். போலீஸ் வந்தாலும் பத்திரிகை வந்தாலும் கண்ணைத் திறக்கக் கூடாது. ஊருக்குள் ஒரு ஃபிளெக்ஸ் பேனரும் வைத்துவிடுவோம்.

பேனர் என் யோசனை. முதல் நாள் மாலை, செங்கல்பட்டில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் பாஸ்கர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் வாசகம் அனுப்பினேன்: ‘எங்களை விட்டு வெளிநாடு சென்ற இறுதிப்போட்டிக்குக் கண்ணீர் அஞ்சலி.’ நடுவில் போட கோப்பையின் படம். கீழே மூலையில் தலைவர் என்ற முறையில் என் படம், சின்னதாக. (சின்னதாக என்றுதான் சொன்னேன். ஆனால் அனுப்பியது ஸ்டூடியோவில் எடுத்த, கன்னத்தில் கை வைத்த பெரிய படம்.) விடிந்ததும் அவருடைய ஆட்களே திருக்கழுக்குன்றம் சாலைத் திருப்பத்தில் கட்டிவிடுவதாக ஏற்பாடு.

மறுநாள் காலை அம்மா சுட்ட எட்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, “மகாபலிபுரம் போறேம்மா” என்று சொல்லி, ஆறு மணிக்குப் போனை அணைத்து, லோகுவின் வண்டியில் ஏறிவிட்டேன்.

நாங்கள் கிளம்பியபின் கடையில் நடந்ததைப் பாஸ்கர் அண்ணனே பிற்பாடு சொன்னார்.

“கோப்பை போட்டோ தொறக்கவே இல்லப்பா. கேக்கலாம்னு உனக்குப் போன் போட்டா சுவிச் ஆஃபு. மறுபடி போட்டேன், சுவிச் ஆஃபு. கண்ணீர் அஞ்சலின்னு கீது, உன் போட்டோ கீது, போன் எடுக்க ஆள் இல்ல. நான் இன்னான்னு நெனைப்பேன், நீயே சொல்லு? யாரோ உன் போன்லேந்து ஆர்டர் அனுப்பிச்சுட்டு அழுதுகினு கீறாங்கன்னு நெனச்சேன். எழுத்துல வேற தப்பு இருந்திச்சு, திருத்திட்டேன்.”

திருத்திவிட்டார். ‘வெளிநாடு’ என்பதை ‘விண்ணுலகம்’ ஆக்கினார். ‘இறுதிப்போட்டிக்கு’ என்பதை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டார். பின்னணியில் மேகம், ஒளிக்கதிர், இரண்டு புறாக்கள், எரிகிற குத்துவிளக்கு. மறைவு என்ற இடத்தில் அன்றைய தேதி. நடுவில் பத்தடி உயரத்துக்கு, கன்னத்தில் கை வைத்தபடி நான். அத்தனைக்கும் பணம் வாங்க மாட்டேன் என்று ஆட்களிடம் சொல்லி அனுப்பினாராம். “நல்ல பையன்பா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் கோதண்டம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். அன்று அவருக்குப் பத்து மணி ட்ரிப். பஸ் அந்தத் திருப்பத்தில் திரும்பியபோது அவர் கடைசி சீட்டில் ஒருவருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஏழுமலை அண்ணன்தான் முதலில் பார்த்தார். பிரேக் போட்டார். பஸ்ஸில் நின்றவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள்.

“கோதண்டம்… அது நம்ம சதீசு இல்ல?”

அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார். இறங்கினார். பேனருக்கு நேராக நின்று ஒருமுறை படித்தார், மறுபடி படித்தார். என் போனுக்கு அடித்தார். அணைந்திருந்தது. அம்மாவுக்கு அடித்தார்.

“அவன் எங்க?”

“காலைல எட்டு இட்லி துன்னுட்டு மகாபலிபுரம் போனான். ஏன், இன்னா விசயம்?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டிருக்கும் என்று இப்போது நானும் ஒரு பிள்ளைக்கு அப்பனான பின்தான் புரிகிறது.

கடலுக்குக் குளிக்கப் போய் ஏதோ ஆகிவிட்டது, சேதி தனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். பஸ்ஸில் ஏறி, விசில் கொடுக்க வாயில் வைத்தார். விசில் வரவில்லை, வெறும் காற்று வந்தது. முன் சீட்டில் காலி மீன்கூடையோடு இருந்த ஒரு அம்மாள்தான், “ஏய் டிரைவரு, எங்கயும் நிறுத்தாத. ஓட்டு!” என்று கத்தினார். திருக்கழுக்குன்றத்தில் இறங்க வேண்டியவர்கள்கூட இறங்கவில்லை. கோயிலுக்கு மாலையோடு வந்த குடும்பம் ஒன்று, மாலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தது.

கடற்கரையில் எங்கள் நிலைமை சொல்கிறேன். நானூறு பேர் வருவதாகக் குழுவில் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். வந்தது ஏழு பேர். அதில் இரண்டு பேர் வறுத்த மீன் சாப்பிடப் போனவர்கள், திரும்பவில்லை. மீதி ஐந்து பேர் வெயிலில் மல்லாந்து கிடந்தோம். ஒரு வெளிநாட்டுத் தம்பதி எங்களைச் சுற்றி வந்து போட்டோ எடுத்ததாக லோகு சொன்னான். அவன் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தான்.

பதினொரு மணிக்கு மேல் தூரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, ஐம்பது அறுபது பேர் மணலில் ஓடிவரும் சத்தம். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மக்கள் எழுச்சி! கடைசியில் வந்துவிட்டார்கள்! இந்த நேரம் பார்த்துத் தலைவன் கண் திறந்தால் மரியாதை இருக்காது என்று மூச்சை இழுத்துப் பிடித்து, என் வாழ்க்கையிலேயே மிகச் சிறப்பாகப் பிணமாக நடித்தேன்.

யாரோ என் பக்கத்தில் தொப்பென்று முழங்காலிட்டார்கள். என் கன்னத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. “டேய் சதீசு… டேய்…” என்று ஒரு குரல். எனக்குத் தெரிந்த குரல்.

கண்ணைத் திறந்தேன். காக்கிச் சட்டையில், டிக்கெட் பையோடு அப்பா. அவருக்குப் பின்னால் ஒரு பஸ் முழுக்க ஜனம். ஒருவர் கையில் மாலை.

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. வாய்த் துணியை இறக்கிவிட்டு, “நைனா! நீயும் ஆதரவு குடுக்க வந்தியா?” என்றேன்.

அப்பா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். முகத்தைத் தடவினார். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். உயிர் இருப்பது உறுதியானதும் விட்டார் ஒரு அறை. எழுந்து ஓடினேன். அவர் டிக்கெட் பையைச் சுழற்றிக்கொண்டு துரத்தினார். கடற்கரைக் கோயில் பக்கமாக நான் ஓட, பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் ஏழுமலை அண்ணன். இப்போது அப்பாவுக்கு விசில் நன்றாகவே வந்தது.

“அய்யய்ய, பொணம் ஓடுதுடி!” என்று மீன்கூடை அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் கூட்டம் முழுக்கச் சிரித்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. மணலில் உட்கார்ந்தார். நான் பத்தடி தள்ளி, பாதுகாப்பான தூரத்தில் உட்கார்ந்தேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் கலந்து வந்ததில் விக்கல் எடுத்தது. மாலையோடு வந்தவர்கள், “எதுக்கும் இருக்கட்டும் தம்பி” என்று அதை என் கழுத்தில் போட்டார்கள்.

திரும்பும் ட்ரிப்பில் என்னைக் கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார் அப்பா. கையெட்டும் தூரத்தில் நான் இருக்க வேண்டும் என்று அவருக்கு. கொஞ்ச நேரம் போனதும் தன் போனை நீட்டினார்.

“எதுக்காக இவ்ளோ பேஜாரு பண்ண? அதப் போடு, நானும் பாக்கறேன்.”

கோலாலம்பூரில் ஆட்டம் தொடங்கியிருந்தது. போராட்டத் தலைவன் ஆறு மணிக்கு முன்பாகவே, மாலையும் கழுத்துமாக, புறக்கணிப்பை முறித்தான். வண்டியைக் குப்பத்திலேயே விட்டுவிட்டு எங்களோடு பஸ் ஏறிய லோகுவும் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். அப்பா டிக்கெட் கிழிப்பார், திரும்பி வருவார், கேட்பார்.

“நம்ம ஆளுங்க எத்தினி பேரு?”

“ரெண்டு பேரு செத்துட்டாங்க நைனா.”

“நெசமா செத்தாங்களா, உன்ன மாதிரியா?”

செங்கல்பட்டை நெருங்கும்போது எங்கள் அணியில் ஒரே ஒருவன் மிச்சம், எதிரணியிலும் ஒருவன். அப்பா டிக்கெட் போடுவதையே நிறுத்திவிட்டார். மீன் விற்கப் போன ஒரு அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஆள் ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து சுட்டான். ஜெயித்துவிட்டோம்! அப்பா விட்ட விசிலில் ஏழுமலை அண்ணன் பிரேக் போட்டுவிட்டார். எங்கே நின்றோம் என்று பார்த்தால், பத்தடி உயரத்தில், புறாக்கள் நடுவே நான்.

மொத்த பஸ்ஸும் இறங்கி அந்தப் பேனரை அவிழ்த்தது. அப்பா அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்தார். அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “எட்டு இட்லி துன்னவன் எப்படிய்யா சாவான்? என்னக் கேக்கறதுதான?”

அதுவரை அந்தத் திருப்பத்துக்குப் பெயர் கிடையாது. அன்றைய பயணிகள் மறுநாளே பெயர் வைத்துவிட்டார்கள்: சதீசு செத்த ஸ்டாப்பு. அப்பாவும் கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு அவரே, “சதீசு செத்தது எறங்கு, எறங்கு!” என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். எனக்குக் கல்யாணமாகி நாங்கள் குடிவந்த வீடும் அந்தத் திருப்பத்துக்குப் பக்கத்தில்தான். (வாடகை குறைவு.)

போன மாதம் என் மகளைப் பள்ளியில் சேர்த்தோம். முதல் வாரம் அவளுடைய மிஸ் எனக்குப் போன் செய்தார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

“குழந்தைகிட்ட ‘உங்க வீடு எங்கம்மா?’ன்னு கேட்டேன் சார். ‘எங்கப்பா செத்த எடத்துல’ன்னு சொல்றா. சிரிச்சுக்கிட்டே சொல்றா சார், பாவம், அதுக்கு என்ன தெரியும்… நீங்க குழந்தைக்கு என்ன வேணும், மாமாவா?”

“அப்பா” என்றேன்.

அந்தப் பக்கம் போன் கட் ஆனது.