ரெண்டுவாசலார் வாங்கிய ஒருவாசல் லேப்டாப்

“இன்னையிலிருந்து இந்த வீட்டுல வயருக்கு இடமில்லை!”

ஞாயிற்றுக்கிழமை காலை. தலைகூட வாராமல் ஜன்னல் அறையின் வாசலில் நின்று ரெண்டுவாசலார் இப்படி முழங்கியபோது, கேட்பதற்கு அங்கே இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தவளையின் ஈரலுக்கு வண்ணம் போட்டுக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. பள்ளி அறிவியல் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் தொழில். தவளைக்கு ஈரல் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும், கணவருக்கு மூளை எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டாவதைக் கண்டுபிடிக்கத்தான் கொஞ்ச நாள் ஆனது.

ரெண்டுவாசலார் என்பது அவருக்கு ஆபீஸ் வைத்த பெயர். தொழிற்சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஏறி இறங்கி, தீப்பிடித்தால் ஆட்கள் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வெளியேற இரண்டு வாசல் இல்லாத கட்டடத்துக்கு, முதலாளி காலில் விழுந்தாலும் கையெழுத்துப் போட மாட்டார். ஒருமுறை கழிப்பறைக்கே இரண்டாவது வாசல் கேட்டார் என்று ஒரு வதந்தி உண்டு. அதை அவர் மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் அன்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற புது லேப்டாப்புக்கு ஒரே ஒரு துளை.

“பாரு, காகிதம் மாதிரி இருக்கு. இடது பக்கம் ஒரே ஒரு துளை. சார்ஜ் ஏத்தறதும் அதுலதான், மத்ததும் அதுலதான்.”

“மத்ததும்னா?”

“எல்லாமும்.”

“எல்லாமும் ஒரே நேரத்துலயா?”

இந்தக் கேள்வியை அன்றைக்கே அவர் உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

“ஒரே வாசல் இருக்கற கட்டடத்துல கால் வைக்க மாட்டேன்பீங்க. கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒண்ணு போதுமா?”

“அது கட்டடம். இது டெக்னாலஜி. எல்லாம் காத்துலயே வரும், காத்துலயே போகும். உன்னோட இரும்புப் பெட்டி மாதிரியா?”

இரும்புப் பெட்டி என்றது மனைவியின் பழைய லேப்டாப்பை. அதற்கு நாலா பக்கமும் துளை. பிரிண்டர், ஸ்கேனர், வரைபலகை, சுவரிலிருந்து வரும் இன்டர்நெட் வயர் என்று எல்லாம் அதில் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன. பார்ப்பதற்கு லட்சணமாக இருக்காது. வேலை மட்டும் செய்யும்.

ரெண்டுவாசலாரின் குறி உண்மையில் வயர் இல்லை, அறை. வீட்டிலேயே வெளிச்சமும் காற்றும் சாத்தக்கூடிய கதவும் ஒருசேர வாய்த்த ஒரே அறை அது. அடுத்த மாதம் ஆபீசில் பயிற்சித் தலைவர் பதவி காலியாகிறது. அதற்கு அவர் பெயரும் அடிபடுகிறது. வீட்டிலிருந்தபடியே வீடியோவில் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், டைரக்டரே பார்ப்பார். அதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எடுக்க முடியுமா?

“வயர் இல்லாதவனுக்குத்தான் இந்த ரூம் பொருத்தம்,” என்றார். “நீ மேஜைக்குப் போயிடேன்.”

“சரி.”

ரெண்டுவாசலாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு வருஷத்தில் முதல் பேச்சிலேயே அவள் “சரி” என்றதாக அவருக்கு நினைவில்லை.

“ஆனா ஒண்ணு. சார்ஜர் மட்டும்தான் அனுமதி. அதைத் தவிர அந்தத் துளையில குச்சி, டப்பா, வாலுன்னு எதையாவது நான் பார்த்தேன்னா அன்னைக்கே ரூம் எனக்கு. அப்புறம் ஆயுசுக்கும் கேக்கக் கூடாது.”

“எழுதியே தரேன்!”

“இப்ப வேண்டாம். கையெழுத்து வேணும்கறப்ப நானே வந்து வாங்கிக்கறேன்.”

அன்று மாலையே தவளை, ஈரல், இரும்புப் பெட்டி எல்லாம் சாப்பாட்டு மேஜைக்குக் குடிபோயின. ரெண்டுவாசலார் ஜன்னல் ஓரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வெற்றி இவ்வளவு சுலபமா என்று அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

திங்கட்கிழமை ஆபீசில் பென்டிரைவ் கொடுத்தார்கள். அதை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் லேப்டாப் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வைஃபையும் காலை வாரியது. அதன் பெட்டி இருப்பது கூடத்தில். ஜன்னல் அறைச் சுவரைத் தாண்டி வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. அதனால்தான் மனைவி சுவரில் வயர் போட்டு வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஆனால் அந்த வயரின் தலையோ கட்டை விரல் தடிமன். லேப்டாப்பின் துளையோ எறும்பைக்கூடக் குனிந்து போகச் சொல்லும்.

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடையில் மச்சான் வேலை பார்த்தான். மனைவியின் சொந்தத் தம்பி.

“மச்சான், இது நமக்குள்ளயே இருக்கணும்.”

“என்ன மாமா, என் வாயிலேர்ந்து வருமா?”

வராது என்று ரெண்டுவாசலார் நம்பினார். எந்தச் சுவரில் விரிசல் என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுகிற மனிதர், அக்காவுக்குத் தெரியக் கூடாத ரகசியத்தைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு விசிலடித்துக்கொண்டே வீடு திரும்பினார்.

பென்டிரைவுக்கு ஒரு குட்டி அடாப்டர் வந்தது. அதைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார். இன்டர்நெட் வயருக்கு ஒன்று, அது ஷூவுக்குள். மௌஸுக்கு ஒன்று, அது சட்டைப் பையில். ஒவ்வொன்றும் தனித்தனியாக நன்றாகவே வேலை செய்தது. ஒன்றைச் செருக இன்னொன்றைப் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். பென்டிரைவைச் செருகினால் இன்டர்நெட் போனது. இன்டர்நெட்டைச் செருகினால் மௌஸ் செத்தது. மூன்றையும் பிடுங்கிவிட்டு சார்ஜ் போட்டால் லேப்டாப் ஆரோக்கியமாக இருந்தது, அவருக்குத்தான் செய்ய வேலை இருக்கவில்லை.

“என்னங்க, உங்க கண்ணாடிக் கூடு கிலுகிலுங்குது?”

“ஸ்க்ரூ கழண்டிருக்கு.”

“கண்ணாடிக்கா?”

அவர் கூட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நழுவினார்.

“அப்புறம் ஏன் நடக்கறப்ப நொண்டறீங்க?”

“புது ஷூ. கடிக்குது.”

“ஒத்தைக் கால்ல மட்டுமா?”

இரண்டாவது வாரம் மச்சானிடம் போய்க் கிட்டத்தட்ட அழுதார். மச்சான் உள்ளே போய், யாருடனோ போனில் பேசிவிட்டு, தட்டையான ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தான். ஒரு பக்கம் குட்டை வால். மற்ற பக்கங்களில் நாலு துளை.

“இதுக்குப் பேரு ஹப், மாமா. லேப்டாப்புல இதைச் செருகுங்க, இதுல ஊரையே செருகுங்க.”

ரெண்டுவாசலார் அவனைக் கட்டிக்கொண்டார்.

ஹப் வந்ததும் வாழ்வு வந்தது. பென்டிரைவ், மௌஸ், இன்டர்நெட் எல்லாம் ஒரே நேரத்தில்! ஹப்புக்கு எட்டாத வயருக்கு அடாப்டர் மேல் அடாப்டராக ஒரு ரயில் விட்டார். ரயிலின் கடைசிப் பெட்டி மேஜையிலிருந்து அந்தரத்தில் தொங்கியது. ஹப் கொஞ்சம் சுடத்தான் செய்தது. மனைவியின் காலடிச் சத்தம் கேட்டால் போதும், எல்லாவற்றின் மேலும் ஒரு துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். சூடான மின்சாதனத்தின் மேல் துணி போடுகிறவர்களைப் பற்றி அவரே எழுதிய சுற்றறிக்கை ஆபீஸ் சுவரில் ஏழு வருஷமாகத் தொங்குகிறது. அது ஆபீஸ், இது வீடு.

சார்ஜ் மட்டும் ஹப்போடு சேர்ந்து ஏறவில்லை. இருக்கிற ஒரே துளையை ஹப் அடைத்துக்கொண்டது, ஹப்பின் நாலு துளையில் எதுவும் சார்ஜரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. போகட்டும், மனைவி தூங்கும்போது ஹப்பைக் கழற்றி சார்ஜ் போட்டுக்கொண்டார்.

வகுப்புக்கான தலைப்பு ஆபீசிலிருந்து வந்தது: ‘ஒரு பிளக்கில் எத்தனை? மின் இணைப்பு நெரிசலும் தீ விபத்தும்.’

ரெண்டுவாசலாருக்குக் கைவந்த விஷயம். ஸ்லைடுகளுக்குப் படம் போடுவதுதான் வராது. அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கும்போது என்ன கவலை?

“ஏம்மா, பன்னெண்டு ஸ்லைடு. நல்ல உதாரணத்துக்கெல்லாம் நீயே படம் வரைஞ்சிடு. கடைசியில மட்டும் நிஜ போட்டோ ஒண்ணு வேணும். பார்த்ததும் வயித்தைக் கலக்கணும். ரொம்ப ரொம்ப மோசமான உதாரணம். எங்கயாவது தேடிப் போடறியா?”

“தேட வேண்டாம். கைவசமே இருக்கு,” என்றாள்.

நல்ல மனைவி வாய்ப்பதும் ஒரு கொடுப்பினைதான் என்று அவர் மனதாரப் பூரித்தார். பென்டிரைவில் அவள் ஏற்றிக் கொடுத்ததை ஒருமுறை திறந்துகூடப் பார்க்கவில்லை. வகுப்புக்கு முந்தின நாள் ராத்திரி கண்ணாடி முன்னால் ஒத்திகையிலேயே லயித்துப்போய், சார்ஜ் போடவும் மறந்துவிட்டார்.

காலை பத்து மணிக்கு வகுப்பு. ஒன்பதே முக்காலுக்குத் துண்டை விலக்கி, ஹப்பைச் செருகி, ரயிலைக் கோர்த்து லேப்டாப்பைத் திறந்தார். மூலையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பதினோரு சதவீதம்.

ஹப்பைப் பிடுங்கி சார்ஜரைப் போட்டார். இன்டர்நெட் போனது. டைரக்டரின் முகமும் போனது. சார்ஜரைப் பிடுங்கி ஹப்பைப் போட்டார். டைரக்டர் வந்தார். ஒன்பது சதவீதம். வைஃபை கிடைப்பது சாப்பாட்டு மேஜையில் மட்டும்தான். அங்கே மனைவி. மைக்கை அணைத்துவிட்டு, மேஜைக்குப் பின்னால் குனிந்துகொண்டு மச்சானைப் போனில் பிடித்தார்.

“மச்சான், இந்த ஹப்புல சார்ஜ் போடற துளை எங்கடா?”

“அதுல கிடையாது மாமா. சார்ஜ் துளை வச்சது வேற மாடல்.”

“அதை ஏன்டா எனக்குத் தரலை?”

“தரலாம்னுதான் எடுத்தேன் மாமா. போன்ல அக்கா அதைத் தனக்குன்னு எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க. உங்களுக்கு இதைக் குடுன்னு சொன்னாங்க.”

ரெண்டுவாசலார் மெல்ல நிமிர்ந்தார். வாசலில் மனைவி. பழக்கதோஷத்தில் துண்டைத் தூக்கி ஹப் மேல் போட்டார். அவள் ஒரு கையில் அட்டை, அட்டையில் ஒரு படிவம். அவருக்கு நன்றாகத் தெரிந்த படிவம்தான், அவரே தயாரித்தது. கட்டடம் கட்டடமாகப் போய் அவர் மற்றவர்களிடம் நீட்டுவது. இன்னொரு கையில் அஞ்சு துளை உள்ள கறுப்புப் பெட்டி.

“அசையாதீங்க. பரிசோதனை,” என்றாள். அறையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டாள். “வெளியேறும் வழி, ஒண்ணே ஒண்ணு. அதுவும் அடைபட்டிருக்கு. இணைப்பு மேல் இணைப்பு, நாலு. அந்தரத்துல தொங்கறது, ஒண்ணு. சூடான பெட்டி மேல துணி, ஒண்ணு.”

“ஏம்மா, இப்ப வேண்டாமே! டைரக்டர் காத்திருக்கார். ஏழு சதவீதம்தான் இருக்கு!”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொல்வீங்களே. எத்தனை முதலாளி உங்ககிட்ட இப்படிக் கெஞ்சியிருப்பாங்க?”

எண்ணிப் பார்க்க நேரமில்லை. ஆறு சதவீதம்.

“கடைசி வரியைப் படிங்க,” என்று நீட்டினாள்.

அதுவும் அவர் எழுதிய வரிதான். ‘இவ்வறையைப் பயன்படுத்துபவர் உடனடியாக வெளியேற வேண்டும். மீண்டும் நுழைய அனுமதி இல்லை.’

“வகுப்பு முடியற வரைக்கும் தவணை குடு.”

“தரேன். கையெழுத்துப் போட்டா.”

அஞ்சு சதவீதத்தில் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ கட்டடங்களுக்கு மூடுவிழா நடத்திய அதே கையெழுத்து. மனைவி குனிந்து பழைய ஹப்பை உருவினாள், புதியதைச் செருகினாள், அதன் அஞ்சாவது துளையில் சார்ஜரைப் போட்டாள். லேப்டாப் உயிர் பிழைத்தது. டைரக்டர் திரையில் வந்து தொண்டையைக் கனைத்தார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வகுப்பு பிரமாதமாகப் போனது. மனைவி வரைந்த படங்களைப் பார்த்துப் பதினாலு கிளை அதிகாரிகளும் தலையாட்டினார்கள். அறை போனாலும் பதவி வந்துவிடும் என்று ரெண்டுவாசலாருக்குத் தெம்பு பிறந்தது. குரல் உயர்ந்தது.

“கடைசியா ஒரு போட்டோ. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானான்னு நீங்க கேப்பீங்க. இவனையெல்லாம் என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க!”

பொத்தானைத் தட்டினார்.

திரையில் ஒரு மேஜை. மேஜையில் பாதி விலகிய துண்டு, துண்டுக்கு அடியில் கறுப்புப் பெட்டி, பெட்டியிலிருந்து அடாப்டர் ரயில், ரயிலின் கடைசிப் பெட்டி அந்தரத்தில். பின்னால் மீன் வரைந்த மஞ்சள் திரைச்சீலை.

டைரக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஏம்ப்பா, உனக்குப் பின்னாடியும் அதே மீன் தொங்குதே?”

ரெண்டுவாசலார் திரும்பி மீனைப் பார்த்தார். தப்பிக்க இன்னொரு வாசல் தேடினார். அந்த அறைக்கும் ஒன்றுதான், அதில் மனைவி நின்றாள்.

டைரக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “சொந்த வீட்டையே உதாரணமா காட்டியிருக்கியே, அந்தத் தைரியம் யாருக்கு வரும்! பதவி உனக்குத்தான். ஆனா அந்த ஆளை முதல்ல அந்த ரூமை விட்டு வெளியேத்தணும்ப்பா.”

“வெளியேத்தியாச்சு சார்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “கையெழுத்தும் வாங்கியாச்சு.”