சீலுக்கு வைத்த குங்குமம்

செந்தூல்

கிள்ளானில் இருக்கும் மாப்பிள்ளை விமலன் அவர்களுக்கு, மாமா கன்னையா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை இராஜம்மாவும் நம் பழைய கார் மோரிஸ் மைனரும் நலம். அங்கே நீங்களும் என் மகள் புனிதாவும் கல்யாணப் பெண் ஷாமினியும் நலமாக இருக்க முருகனிடம் சொல்லியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு மறந்துவிடுவீர்கள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

பேத்தியை மண்டபத்துக்கு அழைத்துப் போக வெள்ளை வாடகைக் கார் பேசியிருக்கிறீர்களாம். "மாமா வண்டி எண்ணெய் ஒழுகுது, பட்டுச் சேலை என்ன ஆகும்?" என்றும் கேட்டீர்களாம். ஒழுகியது உண்மைதான். பின் அச்சின் முனையில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல், தேய்ந்துவிட்டது. எண்ணெய் பின்சக்கர பிரேக்கில் இறங்கியது. யாரையும் கூப்பிடாமல் நானே மாற்றினேன். நான் எந்த வொர்க்‌ஷாப்பிலும் படித்தவன் அல்ல. வண்டியிடமே படித்தவன்.

சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைக் கழற்றி, அச்சை உருவி, பழைய சீலை நெம்பி எடுத்தபோது மழை பிடித்துக்கொண்டது. வண்டிக்கடியில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். தகரக் கூரையில் மழை, தூரத்தில் கொமுட்டர் ரயில், கண் தானாக மூடியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு வண்டிகூட இல்லை, மாப்பிள்ளை. லோரிகளெல்லாம் ஓரமாக ஒதுங்கித் தூங்குகின்றன. பின்சீட்டில் ஷாமினி, தலை நிறைய மல்லிகை, ஜன்னல் வழியே ஒவ்வொரு பூவாகப் பறந்துபோகிறது. கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் சக்கரம் தரையில் படவே இல்லை. விழித்தபோது கன்னத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

புதுச் சீலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொருத்தினேன். மறுநாள் எண்ணெய் சிவப்பாக ஒழுகியது. எதிர்வீட்டு மெக்கானிக் லோகன் வந்து குனிந்து பார்த்தான்.

"அங்கிள், சீல் வாயில குங்குமமா வெச்சீங்க?"

"புதுச் சாமானுக்கு வைக்காம?"

"வண்டி நெத்தியில வைங்க லா! வாயில வெச்சா பொடி உறுத்தாதா? ரப்பர் எப்படி மூடும்? சாமியா வந்து துடைச்சுவிடும்?"

அவனுக்கு அனுபவம் போதாது. இன்னொரு சீல் வாங்கினேன். அதற்கும் வைத்தேன், கொஞ்சம் குறைவாக. காலையிலிருந்து பார்க்கிறேன், தரையில் ஒரு சொட்டு இல்லை. ஆகவே வெள்ளைக் காரை இன்றே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஷாமினி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது இந்த வண்டியில். கல்யாணத்துக்கும் இதில்தான் போவாள். இந்த விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

எல்லாரும் நோய்நொடி இல்லாமல், டயரில் காற்றுக் குறையாமல் நெடுங்காலம் ஓட என் ஆசிகள்.

மாமா,
கன்னையா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஷாமினி வந்தாள். பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டாள். வாசல் சரிவில் ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் நிறுத்தியிருந்தேன். எண்ணெய் வெளியே சொட்டாமல் உள்ளேயே பிரேக்கை நனைத்திருக்கிறது. வண்டி அவளை ஏற்றிக்கொண்டு, சத்தமே இல்லாமல், படகு மாதிரி இறங்கிப் போய் லோகன் வீட்டு வாழையில் மெல்லச் சாய்ந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை. "தாத்தா, கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டியாச்சு லா!" என்று உள்ளேயிருந்து சிரிக்கிறாள். வெள்ளைக் கார் வரட்டும். முன்சீட்டு எனக்கு. பெண் ஏறுமுன் அதன் ஹேண்ட்பிரேக்கை நான் ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன் என்று டிரைவரிடம் சொல்லிவையுங்கள்.