நாலு பேர் உள்ளே வந்தால்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக, ஆர்வில் தாக்கரியின் ராஜா ஜோடியை ஹிசாகோ நகாதாவின் ஒரு சில்லறை நாலாம் சீட்டு கவிழ்த்தது.

"ஏஸும் நாலுமா?" ஆர்வில் கண்ணை மூடித் திறந்தார். "முதல் ஆளா பந்தயம் பேசுற இடத்துல உட்கார்ந்துக்கிட்டு, இதை வச்சா உள்ள வந்தீங்க?"

"ரெண்டும் ஆர்ட்டின் சார். நடுவுல திறந்த பொதுச் சீட்டுலயும் மூணு ஆர்ட்டின் வந்துச்சு. அஞ்சும் ஒரே இனம்." ஹிசாகோ இரு கைகளாலும் பந்தய வில்லைகளை வாரினாள். "பார்க்க அழகா இருந்துச்சு."

"அழகுக்கு ஆடுறதுன்னா பூக்கடை வைங்கம்மா."

"விடுங்க வாத்தியாரே," என்றார் எம்மெட். முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். மடியருகே மாட்டுவால் சூப் ஆவி பறந்தது. "இது லிமிட் ஆட்டம். உங்க ராஜா எவ்வளவு முறைச்சாலும் நாலு டாலருக்கு மேல வைக்க முடியாது. நாலு டாலருக்கு யார் பயந்து ஓடுவா?"

கார்டீனா சீட்டாட்ட கிளப்பின் ஏழாம் போக்கர் மேசை காலை பத்துக்கே நிரம்பிவிடும். ஆர்வில் ஓய்வுபெற்ற பள்ளித் துணை முதல்வர். வீட்டில் அவர் வாயைத் திறந்தால் மனைவி தோட்டக் குழாயைத் திறந்துவிடுவாள். இந்த மேசையில்தான் எட்டுப் பேர், போட்ட பணத்தை விட்டு எழ முடியாமல், அவர் பேச்சைக் கேட்டாக வேண்டியிருந்தது.

அவர் மேலாளர் ரெமியைக் கூப்பிட்டார். "இந்தம்மா இப்படியே ஆடுறதா இருந்தா, நாளையிலேர்ந்து நான் வரலை."

ரெமி ஹிசாகோவைப் பார்த்தாள். ஹிசாகோ ரெமியைப் பார்த்தாள்.

"சார் சொல்றபடியே ஆடுங்க," என்றாள் ரெமி.

தன் சொல்லுக்கு இருந்த எடையை ஆர்வில் வீடு வரை சுமந்து சென்றார்.

புதன்கிழமை, ஆட வேண்டிய முறையை எழுதிய ஒன்பது அட்டைகளோடு வந்தார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. "நடுச்சீட்டு திறக்குறதுக்கு முன்னாடியே ஆட்டம் முடிவாயிடுது," என்று தொடங்கினார். "கையில ரெண்டும் ஒரே இனமா வந்தா அஞ்சும் சேரும்னு ஒரு நப்பாசை. அது எப்பவாவதுதான் சேரும். சேராதப்போ ஏஸ் ஜோடி மட்டும் கிடைக்கும். எதிராளிகிட்ட ஏஸும் ராணியும் இருக்கும். ராணி உங்க நாலை மிதிச்சுட்டுப் போயிடுவா. அதனால, தூக்கிப் போடுங்க!"

"இத்தனை நாளா யாரும் சொல்லலையே சார்," என்றாள் ஹிசாகோ, பணிவாக.

தூக்கிப் போட்டாள். எல்லோரும் தூக்கிப் போட்டார்கள். விதிப்படி வைத்தே ஆகவேண்டிய இருவரின் காசு மட்டும் இங்கும் அங்கும் போய்வந்தது. சீட்டுப் போடுபவர், வடகம் காயவைத்து எடுப்பவரைப் போலப் பரப்புவதும் அள்ளுவதுமாக இருந்தார். பதினோரு மணிக்குள் நாலு நாற்காலி காலி.

"இதுதான் கடைசி லிமிட் மேசை சார்," என்றாள் ரெமி. "காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு இருபது பசங்க பெரிய ஆட்டத்துக்குக் காத்திருக்காங்க. அஞ்சு பேருக்குக் கீழ இறங்கிச்சுன்னா மேசையை அவங்களுக்குக் கொடுக்க வேண்டியதுதான்."

ஆர்விலின் மனக்கண்ணில் தோட்டக் குழாய் பீறிட்டது.

வியாழனன்று அட்டைகளின் பின்பக்கத்தில் ஒரு விதிவிலக்கு எழுதினார். "கடைசியா பேசுற இடத்துல நீங்க இருந்து, முன்னாடியே நாலு பேர் உள்ள வந்திருந்தா, ஒரே இனத்துச் சின்னச் சீட்டோட வர்ற ஏஸை ஆடலாம். சேர்ந்துச்சுன்னா நாலு பேர்கிட்டேயும் வாங்கலாம்."

அறிவுரை சரியானதுதான்.

"உள்ள வாங்களேன் எம்மெட்," என்றார் ஆர்வில்.

"நாலு பேர் வரட்டும், அஞ்சாவதா வரேன்."

"ஹிசாகோ?"

அவள் அட்டையைத் திருப்பிப் படித்தாள். "எனக்கு முன்னாடி இன்னும் ஒருத்தரும் வரலையே சார்."

பத்தரைக்கு மேசையில் ஐந்து பேர். நாலு பேர் வருவதற்காக ஐந்து பேரும் காத்திருந்தார்கள். எம்மெட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பல் டாக்டரைப் பார்க்கணும்," என்று எழுந்தார். பையன்களின் பட்டியலோடு ரெமி பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

ஆர்வில் தன் சீட்டுகளைத் தூக்கிப் பார்த்தார். ஸ்பேட் ஏஸ், ஸ்பேட் மூணு. முதலில் பேச வேண்டியவரும் அவரே.

"உள்ள," என்றார்.

மேசை திரும்பிப் பார்த்தது.

"வாத்தியாரே, அட்டையில..."

"அட்டை கத்துக்கிறவங்களுக்கு!"

எம்மெட் உட்கார்ந்தார். "பல்லு எங்க போயிடப் போகுது?"

அந்த ஆட்டம் எம்மெட்டுக்குப் போனது. அடுத்து ஆர்வில் ஏஸும் ரெண்டும் ஆடினார், தோற்றார். ஏஸும் அஞ்சும் ஆடினார்; ராணி மிதித்தாள். ஒவ்வொரு முறையும் ஒருவர் போனில் யாரையோ அழைத்தார். "சீக்கிரம் வா, வாத்தியார் ஆடுறார்." பன்னிரண்டுக்குள் ஒன்பது நாற்காலியும் நிறைந்து, காத்திருப்போர் பலகையில் ஆறு பெயர் ஏறியது.

வெள்ளியன்று ஆர்வில் உள்ளே நுழைந்ததும் சிலர் கைதட்டினார்கள். எம்மெட் நாற்காலியைத் துடைத்துவிட்டார். நண்பகலுக்குள் ஆர்வில் இரண்டு தட்டு வில்லைகளை இழந்திருந்தார். அதை ஆராய்ச்சிச் செலவு என்று மனதுக்குள் வகைப்படுத்திக்கொண்டார். மேசை பிழைத்துவிட்டது. எட்டுப் பேரும் அவர் பேச்சைக் கேட்டார்கள், அதுவும் சிரித்த முகத்தோடு.

ரெமி தானே காபி கொண்டுவந்து வைத்தாள்.

"பார்த்தீங்களா? எல்லாம் கல்வி," என்றார் ஆர்வில். "ஹிசாகோ எங்க? அவங்களுக்கு இன்னும் ரெண்டு பாடம் பாக்கி இருக்கு."

"அவங்களை வேற மேசைக்கு மாத்திட்டேன் சார்," என்றாள் ரெமி, காபியில் சர்க்கரையைக் கலக்கியபடி. "ஆட்டம் படுத்துடாம இருக்க அந்த மாதிரி ஏஸை ஆடுறதுக்குத்தான் ஆறு வருஷமா அவங்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கிட்டிருக்கோம், இங்கதான் அந்த வேலையை இப்போ நீங்க இனாமாவே பார்க்குறீங்களே."