கடலுக்கு ஒரு லிஃப்ட் படிவம்

அன்புக்குரிய மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். உன் அக்கா தேவைக்கு அதிகமாகவே நலம். இந்தக் கடிதத்துக்குக் காரணமே அதுதான். இதைத் தனியாக உட்கார்ந்து படி. படித்து முடித்த கையோடு அக்காவுக்குப் போன் போட்டு, "அத்தான் லெட்டர் போட்டிருக்காரே, என்ன விஷயம்?" என்று ஆரம்பித்துவிடாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நான் லிஃப்ட் பரிசோதகர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அதே வாரத்தில் உன் அக்காவும் ஆஸ்பத்திரி மருந்தகத்துச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை, "நாம ஒரு தீவுக்குப் போறோம். நான் ஸ்கூபா டைவிங் பண்ணப் போறேன்" என்றாள். டிவியில் ஏதோ பார்த்திருப்பாள், இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டேன். மறக்கவில்லை. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் பவளப்பாறை பார்க்க வேண்டுமாம். "ஏன்டி, இதெல்லாம் நமக்குத் தேவையா?" என்று கேட்டேன். "இருபத்தெட்டு வருஷம் ஜன்னல் இல்லாத ரூம்ல மாத்திரை எண்ணிட்டேன். ஒரு நாளாவது நாலு பக்கமும் திறந்திருக்கிற இடத்துல இருக்கணும்" என்றாள்.

நான் மெதுவாகப் பேச்சை விடுதி விஷயத்துக்குத் திருப்பினேன். அந்தத் தீவுக்கு இரண்டு கரை. மேற்குக் கரையில் படத்தில் பார்த்தாலே தூக்கம் வரும் கட்டில்கள், குளியலறைக்குள் ஒரு சோபா, காலைச் சாப்பாடு படுக்கைக்கே வரும். ஆனால் அலை அதிகம், டைவிங் கிடையாது. கிழக்குக் கரையில் கடல் கண்ணாடி மாதிரி, பாறை கரைக்குப் பக்கத்திலேயே. ஆனால் தங்குவதற்கு டைவிங் கடையின் மாடியில் நான்கே அறைகள், நான்குக்கும் சேர்த்து ஒரே குளியலறை, ஏறுவதற்கு மர ஏணிப்படி. நான் மேற்குக் கரையின் பெருமைகளை மூன்று நாள் விடாமல் எடுத்துரைத்தேன். உன் அக்கா அசையவில்லை. "மெத்தை நம்ம வீட்டுலயே இருக்கு. பவளப்பாறைதான் இல்ல" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "சரி, எதையும் முறைப்படி செய்வோம்" என்று சொல்லி, பழைய லிஃப்ட் பரிசோதனைப் படிவம் ஒன்றைத் தேடி எடுத்தேன். நாற்பத்திரண்டு கட்டங்கள். மேலே "லிஃப்ட்" என்பதை அடித்து "கடல்" என்று எழுதி, கிழக்குக் கரை டைவிங் கடைக்கு அனுப்பினேன். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால்தான் வருவோம் என்று குறிப்பும் வைத்தேன். என் முப்பத்துமூன்று வருட அனுபவத்தில் ஒரு கட்டட முதலாளியும் அந்தப் படிவத்தை ஒரே தடவையில் முழுசாக நிரப்பியது கிடையாது. இதோடு ஒழிந்தது தொல்லை என்று அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. கடைக்கார அம்மாள் ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தாள்! கதவு சரியாக மூடுகிறதா? "கதவு இல்லை." மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு? "மீன்கள் கவனிக்காது." அதிகபட்சம் எத்தனை பேர்? "இதுவரை நிரம்பியதில்லை." அவசர மணி? "கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் போதும், மேலே கொண்டுவந்துவிடுவோம்." சிலிண்டர்களைச் சோதித்த தேதி, சான்றிதழ் நகல், ஆக்சிஜன் பெட்டி வைத்திருக்கும் இடம் எல்லாம் சுத்தமாக இருந்தன. குறையில்லாமல் நிரம்பிய படிவத்தில் ஏழு நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அந்த விதியை நான் ஒரு தடவைகூட மீறியதில்லை என்பது உனக்கும் தெரியும், உன் அக்காவுக்கு நன்றாகவே தெரியும். போதாக்குறைக்கு, நாற்பத்திரண்டாம் கட்டத்தை அடிக்க மறந்துவிட்டேன். "முதல் இறக்கத்தில் பரிசோதகர் தாமே உடன் பயணம் செய்ய வேண்டும்." அதற்கு நேராக, "மகிழ்ச்சி. பரிசோதகரின் கால் அளவு தேவை" என்று எழுதியிருந்தது. அதன் கீழே உன் அக்காவின் கையெழுத்தில், "ஒன்பது."

நேற்று இங்கேயே நம்ம ஊர் நீச்சல் குளத்தில், உன் அக்கா ஏற்பாடு செய்த முதல் பயிற்சி. அந்த ரப்பர் உடைக்குள் என்னை நுழைப்பதற்கு உன் அக்காவும் பயிற்சியாளரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நுழைந்து முடித்த பிறகுதான் பயிற்சியாளர், "சார், ஜிப்பு முதுகுப் பக்கம் வரணும்" என்றார். மறுபடியும் முதலிலிருந்து. பிறகு முகக் கண்ணாடியை மாட்டினால் மூக்கு வழியாகத் தண்ணீர். "மீசை இடிக்குது சார். எடுத்துட்டா கப்புனு ஒட்டிக்கும்." என் கல்யாண போட்டோவுக்கும் முந்திய மீசை! நான் கோபித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அக்கா கைப்பிடியை விட்டாள், இறங்கிப் போய்விட்டாள். மேலே குமிழிகள் மட்டும்தான் வந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. முப்பத்துமூன்று வருடத்தில் கயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் ஒருவரையும் கீழே அனுப்பியதில்லை. கயிறே இல்லாத இடத்துக்கு உன் அக்காவை எப்படி அனுப்புவேன்? நீ சொன்னால் அவள் கேட்பாள். மேற்குக் கரைதான் உசத்தி, அங்கே ஓய்வெடுத்தால் முட்டிவலி போய்விடும் என்று யாரோ டாக்டர் சொன்னதாக ஒரு கடிதம் போடு. கையெழுத்துக் கெடு முடிய இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. குழந்தைக்கு முத்தம். நோய் நொடி இல்லாமல், தரையிலேயே, நீங்கள் எல்லோரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படி. கடிதத்தைத் தபாலில் போடப் போன வழியில்தான் நீச்சல் குளம். உன் அக்கா இரண்டாவது பயிற்சியில் இருந்தாள். சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனேன். தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்த்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அப்படி அவள் என்னைக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆகிறது! நேரே பக்கத்துச் சலூனுக்குப் போய் மீசையை எடுத்துவிட்டு வந்தேன். கண்ணாடி கப்பென்று ஒட்டிக்கொண்டது. இறங்கினேன். மூன்றே மீட்டர்தான், ஆனால் என்ன ஒரு அமைதி! உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், சிரிப்பெல்லாம் குமிழியாகப் போகிறது. சந்தோஷம் தாங்காமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். பயிற்சியாளர் உடனே என்னை மேலே கொண்டுவந்துவிட்டார். அவரோடு சண்டை போட்டு மறுபடியும் இறங்கினேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. டாக்டர் கடிதமெல்லாம் எழுதித் தொலைக்காதே. மாடியில் இன்னும் இரண்டு அறை காலியாம், உங்களுக்கும் ஒன்று சொல்லிவிட்டோம். உன் கால் அளவையும் உன் மனைவியின் கால் அளவையும் உடனே தெரிவி. தீவுப் படகுத்துறையில் மீசையைத் தேடி அலையாதே. உன் அக்காவைக் கண்டுபிடி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு ஆள் இளித்துக்கொண்டு நிற்பான். அது நான்தான்.